தத்துவ போதகர் கண்ட வீடுபேறு

சேர்வராயன் மலையின் அடிவாரத்தே, சுகவனேசர் கோயில் கொண்டருளும் சேலமாநகர்க்கு, 1623-ஆம் ஆண்டில் மேனாட்டுத் துறவி ஒருவர் வந்தனர். இத்தாலியில் 1577-இல் தோன்றி, 1606-இல் மதுரை புகுந்து, தமிழும் வடமொழியும் பயின்று, தத்துவ போதகர் எனப் பெயர் பூண்ட இராபர்ட்டு தெ நொபிலி என்பவரே அவர். ஆட்சியிழந்திருந்த திருமங்கல நாயக்கர் 1625-இல் அவர்பால் ஞானஸ்நானம் பெற்றனர். நாடிழந்தார் ஒருவர்க்கு, அழியா நாடொன்று பயனாக உண்டென்னும் உரை எத்துணை இனித்திருக்கும்!

அவர் இயற்றிய உரைநடை நூல்களுள் நித்திய ஜீவன சல்லாபமும் புனர்ஜென்ம ஆட்சேபமும் நம்மனோர் ஆராய்தற்குரியன. வடசொல் மலிந்த அந்நடை இக்காலத்தார்க்குக் கரடுமுரடாகத் தோன்றுமேனும், சொல்லவந்த பொருளை மறைப்பதன்று.

பரபக்கம் பாடிய அருணந்தி சிவாசாரியர் பிறர் கொள்கையை முன்னர் நிறுத்திப் பின்னரே மறுப்பர். நம்மவருள் பலர் அந்நெறியை மறந்து, 'நம்பினேன் என்றவளவில் வீடுண்டு என்பதே கிறித்தவம்' எனக் கூறி எள்ளுகின்றனர். கத்தோலிக்கர் கொள்கை அஃதன்று. முதற்கண் இறைவனருளே ஆன்மாவைத் தொடும். அவ்வருளை வரப்பிரசாதம் என்பர். அதனோடு இசைந்து விசுவாசமும் நம்பிக்கையும் தேவசிநேகமும் நாடோறும் வளர்தல் வேண்டும். குற்றம் சிறிது எஞ்சியவர் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெற்றே வீடடைவர். வீட்டிலும் அவரவர் புண்ணியத்திற்கேற்பத் தெய்வக் காட்சியில் ஏற்றத்தாழ்வு உண்டென 1439-இல் புளோரன்சு நகரச் சங்கம் வரையறுத்தது. கூலிக்கு வேலை செய்வார் கொள்கை எனச் சிலர் கூறுவதும் பொருந்தாது. அவர் வேண்டும் கைம்மாறு இறைவனையே காண்டலாகும்.

இனி மறுப்பிற் புகுவாம். உலகில் அரசனும் ஆண்டியும் உளராதற்கு முன்வினை காரணமன்று, உடம்பில் தலையும் காலும் வேறாதல்போல அஃது உலகொழுங்கின் பொருட்டே என்பர் போதகர். உவமை அழகிது, ஆயினும் நில்லாது. காலில் முள் தைப்பின் வருந்துவது ஓருயிரே. ஆண்டியின் பசி அரசன் வயிற்றில் எரிவதில்லையே! ஒருவனுக்கு நேர்ந்த துன்பம் பிறிதொருவன் நலத்திற்கு ஆயிற்றென்றால், அத்துன்புற்றவனுக்கு இறைவன் செய்த நீதி யாது?

முற்பிறவி நினைவின்றித் தண்டிப்பது முறையோ என்று கிறித்தவர் வினவுவர். வினைப்பயனைத் தண்டம் என்றே கொண்டவிடத்து அவ்வினா வலியுடையது. சித்தாந்தமோ அதனை மலநோய்க்கு மருந்தென்னும். நோயின் பெயரறியாக் குழவியும் மருந்தால் உய்கின்றது.

சாவிற்குப் பின்னும் ஆன்மா பக்குவமுறும் என்பதை உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய கொள்கையால் அவர்தாமே உடன்படுகின்றனர். (சீர்திருத்தக் கிறித்தவர் இதனை ஒப்பார்.) அவ்வாறாயின், சில்லாண்டு வாழ்ந்து தவறியவர்க்கு மட்டும் மீளா நரகம் என வாயிலை அடைத்தது என்னை? நம் கருத்து அவரினின்றும் பெரிதும் வேறுபடுமிடம் ஈதே. சாலோக சாமீப சாரூபங்கள் நமக்குப் பதமுத்திகள். ஏறிக் கடக்கும் படிகள். அவர்க்கோ ஒரு வாழ்நாளில் எய்திய நிலையே என்றும் நிலைப்பது. சிறு கலமும் பெருங்கலமும் தத்தம் அளவில் நிறைந்தேயிருக்கும், ஆதலின் அங்கு அழுக்காறில்லை என அவர் விடை கூறுவர். செவ்விய விடையே. கலத்தின் அளவை ஏன் அச்சில்லாண்டுகள் வரையறுத்தல் வேண்டும் என்பதற்கு அதனுள் விடையில்லை.

ஆயினும் ஒன்று சொல்லாதொழிதல் நேர்மையன்று. உறுப்புவமை சாதியேற்றத்தாழ்வை அசையாது நிறுத்துதற்கு உதவியது. சாதி வழக்கங்களைப் போதகரும் பெரும்பாலும் விலக்கினாரல்லர். நாமும் வாயிலில் வந்து நின்ற வறியோனை 'உன் வினை' என்னும் ஒரு சொல்லாற் போக்கி, மருந்தென்ற கொள்கையைத் தண்டமாக்கி வைத்தோம். புனர்ஜென்ம ஆட்சேபம் எழுதியவர் நூலில் கண்ட சைவத்தை மட்டுமோ மறுத்தார், நம் தெருவிற் கண்டதையும் சேர்த்தோ என்று அன்பர்கள் அந்நூலைப் படிக்குங்கால் எண்ணிப் பார்ப்பாராக.