வைக்கோலின் சுணையும் பீங்கான் விளிம்பும்

விளைந்த நெல்லின் ஓலையை நுனியிலிருந்து அடிநோக்கி விரலால் உருவினால் தோலில் கீறல் விழும். அந்தச் சுணைக்குக் காரணம் சிலிக்கா. நெற்பயிர் அதை நீரோடு உறிஞ்சி, ஓலையின் மேற்தோலில் கண்ணாடித் துணுக்காகப் படியவைக்கிறது. காய்ந்த வைக்கோலின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சிலிக்காதான். மரத்தில் நூற்றில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் தேறாது.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீற்றரில், வாழைச்சேனை வாவிக்கரையில் 1950களில் எழுந்த கடதாசி ஆலை இந்த வைக்கோலை நம்பியே தொடங்கியது. சூடடித்து முடிந்த வட்டைகளில் எரிந்துபோக இருந்தது எழுதும் தாளாகும் என்பது எவ்வளவு நல்ல எண்ணம்! ஆனால் சோடாக் காரத்தில் வைக்கோலை அவிக்கும்போது சிலிக்காவில் ஒரு பகுதிதான் கரைகிறது. மிச்சம் நாரோடு ஒட்டிக்கொண்டு, களத்து மணலையும் கூட்டிக்கொண்டு இயந்திரத்துக்குள் போகிறது. பம்பின் உட்புறத்தைத் தேய்க்கிறது, குழாயின் வளைவைத் தேய்க்கிறது, கூழ் ஓடும் வலையைத் தேய்க்கிறது. இப்படித் தேயும் இடங்களுக்கு உலகக் கடதாசித் தொழில் கண்டுகொண்ட பொருள்களில் எனக்கு மிகப் பிடித்தது பீங்கான். தேநீர்க் கோப்பையின் உறவுதான், ஆனால் வேறு பிறவி.

அதன் அழகை முழுதாகக் காண, வலைக்கு அடியில் குறுக்காகக் கிடக்கும் ‘ஃபோயில்’ என்ற அலகைப் பார்க்கவேண்டும். வலைமேல் வந்து விழும் கூழில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரை இறக்கினால்தான் தாள் பிறக்கும். அலகின் முன்விளிம்பு, வலையின் அடியில் தொங்கிவரும் நீரை வழித்துத் தள்ளுகிறது. விளிம்பைத் தாண்டியதும் அலகின் முகம் ஒன்றிரண்டு பாகை கீழே சரிகிறது. வலை நேராக ஓட, இடையில் ஓர் ஆப்பு வடிவ இடைவெளி விரிகிறது. விரியும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. மேலேயுள்ள நீர் வலைக்கண் வழியே கீழே இழுபடுகிறது. உறிஞ்சுவதற்கென்று ஒரு பம்பும் அங்கே இல்லை. வேலை முழுவதையும் ஒரு சரிவு செய்கிறது!

அந்தச் சரிவு எவ்வளவு சிறியது என்று கணக்கிட்டால் வியப்பு கூடும். ஐந்து சென்ரிமீற்றர் அகலமுள்ள அலகு 2 பாகை சரிந்தால், பின்விளிம்பு முன்விளிம்பைவிட 2 மில்லிமீற்றர்கூடத் தாழ்ந்திராது. கொஞ்சம் கூடினால் கூழ் கலங்கித் தாளின் முகம் கெடும். குறைந்தால் தாள் ஈரமாகவே போகும். மென்மையான பொருளில் இதைச் செய்தால் வைக்கோல் மணல் சில காலத்திலேயே அரை மில்லிமீற்றரைத் தின்றுவிடும், சரிவும் போய்விடும். மோஸ் அளவில் அலுமினாப் பீங்கானின் கடினம் 9. வைக்கோல் சிலிக்காவுக்கு 6 அளவில்தான் வரும். கீறப் பார்க்கும் துணுக்கு தோற்றுப்போகிறது.

பல மீற்றர் அகலமான இயந்திரத்துக்கு இந்த அலகை ஒரே துண்டாகச் செய்வதில்லை. சிறு துண்டுகளை வரிசையாகப் பொருத்தி, பிறகு மொத்தமாக வைரத்தால் சாணைபிடிக்கிறார்கள். நகத்தை ஓட்டினாலும் மூட்டு தட்டக்கூடாது; தட்டினால் வலை அறுபடும், தாளில் கோடு விழும். ஒவ்வொரு துண்டும் பிட்டு மாவைப்போல உதிரியான பொடியாகத்தான் அச்சுக்குள் இறங்குகிறது. அலுமினா உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். 1600 பாகைச் சூட்டிலேயே, உருகாமல், மணியோடு மணி ஒட்டிக்கொள்கிறது. அப்போது நீளத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும் என்பதால் அச்சைப் பெரிதாக வெட்டிவைக்கிறார்கள்.

அதற்கும் ஒரு பயம் உண்டு. வலை உலர்ந்து ஓடினால் அலுமினா உராய்வில் சூடேறும். அந்நேரம் குளிர்நீர் பட்டால் வெடிக்கும். அதனால் முதலில் தண்ணீரைத் திறந்து, பிறகு வலையை ஓட்டுவார்கள். இந்தச் சூட்டதிர்ச்சியை நன்றாகத் தாங்குவது சிலிக்கன் நைத்திரைட்டு என்ற இன்னொரு பீங்கான்.

வெடிப்பை வேறு விதமாக எதிர்கொள்கிறது சிர்க்கோனியா என்ற பீங்கான். அதன் நுண்மணிகளை, சாதாரண வெப்பத்தில் இருக்கவேண்டிய வடிவத்துக்குப் போகவிடாமல் உள்ளே கட்டிவைத்திருக்கிறார்கள். ஒரு வெடிப்பு நெருங்கியதும் அதன் முனையிலுள்ள மணிகள் கட்டவிழ்ந்து, நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் பருத்து, வெடிப்பை நெருக்கி நிறுத்துகின்றன. ஒவ்வொரு மணியாலும் ஒரேயொரு தடவைதான் இது முடியும். 1975இல் அவுஸ்திரேலியாவின் கார்வி, ஹன்னிங்க், பாஸ்கோ மூவரும் இதை ‘நேச்சர்’ இதழில் எழுதியபோது, பீங்கானிலே உருக்கா என்று கேட்கும் தலைப்பையே வைத்தார்கள். அந்த வியப்பு நியாயமானது.

சிர்க்கோனியாவின் மூலப்பொருளான சிர்க்கோன் நம் கிழக்குக் கரையிலேயே, திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கருமணலில், இல்மனைற்றோடும் ரூற்றைலோடும் கலந்து கிடக்கிறது. அது பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. வாழைச்சேனைக்குப் போகும் வழியில், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஓர் உயர்வெப்ப உலையும் ஓர் அழுத்தியும் ஒரு வைரச் சாணையும் வைத்து, புல்மோட்டை மணலிலிருந்து ஓர் அலகை நம் மாணவர்கள் செய்து பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. அதைத் தேய்த்துச் சோதிக்க வைக்கோலுக்கு இங்கே பஞ்சமில்லை.