சீறாப்புராணத்தில் இல்லாத கடைத்தெரு
(இஸ்லாம் கூறும் பொருளீட்டல் நெறி: ஒரு வணிகனின் வாசிப்பு)

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை ஒரு வியாபாரி உட்கார்ந்து படித்தால் அவனுக்கு ஒரு குறை தட்டும். எனக்குத் தட்டியது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட அந்தக் காப்பியத்தின் முதற்காண்டத்தில், நபிகள் நாயகம் கதீஜா அம்மையாரின் சரக்கை ஏற்றிக் கொண்டு சாம் நாட்டுக்கு, அதாவது சிரியாவுக்கு, வாணிகம் செய்யப் புறப்படுகிறார். வழிப்பயணத்துக்குப் புலவர் வைத்துள்ள படலப் பெயர்களைப் பாருங்கள்: சுரத்தில் புனலழைத்த படலம், பாந்தள் வதைப் படலம், நதி கடந்த படலம், புலி வசனித்த படலம், கள்வரை நதி மறித்த படலம். பாம்பும் புலியும் ஆறும் தத்தமக்கு ஒரு படலம் பெற்றிருக்கின்றன. தராசுக்கு ஒரு படலம் இல்லை.

இத்தனைக்கும் அந்தப் பயணம் சாதாரணப் பயணமல்ல. முதல் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, லாபத்தில் பங்கு என்ற ஏற்பாடு அது. முளாரபா என்று பின்னாளில் சட்ட அறிஞர்கள் இலக்கணம் வகுத்த கூட்டு வாணிகத்துக்கு இதையே முன்மாதிரியாகச் சொல்வார்கள். நாயகத்தின் நாணயத்தைக் கண்டுதான் அம்மையார் அவரை மணக்க விரும்பினார் என்பது வரலாறு. அந்த நாணயம் கடைத்தெருவில் எப்படி வெளிப்பட்டது என்று காட்டியிருக்க வேண்டாமா? புலவரை ஆதரித்தவர்களும் வணிகப் பெருமக்களே. முதலில் கீழக்கரை சீதக்காதி, அவர் மறைந்த பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். கப்பல் சரக்கின் ஏற்றுமதி இறக்குமதி புலவர் கண்ணெதிரே நடந்திருக்கும்.

புலவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. காப்பிய மரபு அப்படி. எங்கள் சமணப் பெருங்காப்பியமான சிந்தாமணியில் சீவகனை வளர்த்த கந்துக்கடன் ஒரு வணிகன். ஆனால் நூல் முழுக்கச் சீவகன் செய்த மணங்கள். மணநூல் என்றே அதற்குப் பெயர் வந்து விட்டது. தமிழ்க் காப்பியம் வணிகனைத் தலைவனாக்கும், அவனுடைய கடையைத் திறந்து காட்டாது.

நம் ஊரையே எடுத்துக் கொள்வோம். பீர்மேடு என்ற பெயர் பீர் முகம்மது என்ற சூபி ஞானியால் வந்தது என்பது ஊர் வழக்கு. தக்கலையில் அடங்கியிருக்கும் பீர் முகம்மது அப்பாவே அவர் என்று இங்குள்ள தமிழர் நாம் சொல்லி வருகிறோம். ஞானப்புகழ்ச்சி பாடிய அந்த மகான் தறி நெய்து சாப்பிட்டவர் என்பார்கள். தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவு இல்லை, தாவூது நபியும் அப்படித்தான் உண்டார் என்பது ஒரு நபிமொழி. அப்பாவின் வாழ்க்கை அதற்குப் பொருத்தமான உரை. நாமோ அவருடைய பாட்டைப் புகழ்கிறோம், தறியைப் பற்றி ஒரு வரியோடு நகர்ந்து விடுகிறோம்.

காப்பியம் திறக்காத கடையைத் திறந்து காட்டுகிற நூல் இமாம் கஸ்ஸாலியின் இஹ்யா உலூமித்தீன். 1111-இல் மறைந்தவர் அவர். நாற்பது பாகங்கள் கொண்ட அப்பெருநூலில் பதின்மூன்றாம் பாகம் சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களைப் பற்றியது. விற்பவனுக்கு நான்கு கட்டளை இடுகிறார். சரக்கில் இல்லாத குணத்தைச் சொல்லிப் புகழாதே. அதிலுள்ள குறையை மறைக்காதே. எடையையும் அளவையும் மறைக்காதே. சந்தை நிலவரத்தை மறைக்காதே. நான்காவதுதான் நம்மைத் தூக்கிப் போடுகிறது. முதல் மூன்றும் எடைக்கல் சோதிக்க வரும் அதிகாரியும் சொல்வார்.

அதே பாகத்தில் அவர் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. யூனுஸ் இப்னு உபைத் என்ற துணி வியாபாரியிடம் நானூறு வெள்ளி விலையில் ஒரு தினுசு, இருநூறு விலையில் ஒரு தினுசு. அவர் தொழுகைக்குப் போன நேரத்தில், கடையில் இருந்த சகோதரர் மகன் இருநூறு வெள்ளித் துணியை ஒரு கிராமத்து அரபிக்கு நானூறுக்கு விற்று விட்டான். வழியில் அந்த மனிதரைச் சந்தித்த யூனுஸ், துணியைப் பார்த்ததும் விலையை விசாரித்து, இது இருநூறுக்கு மேல் பெறாது, திருப்பிக் கொடுங்கள் என்கிறார். அவரோ, எங்கள் ஊரில் இது ஐந்நூறு போகும், எனக்கு முழுத் திருப்தி என்கிறார். யூனுஸ் விடவில்லை. கடைக்கு அழைத்துப் போய் இருநூறைத் திருப்பிக் கொடுத்துப் பையனைக் கண்டிக்கிறார். அவர் சம்மதித்துத்தானே வாங்கினார் என்கிறான் பையன். உனக்கு நீ விரும்புவதை அவருக்கும் விரும்பியிருக்க வேண்டாமா என்பது பெரியவர் கேட்ட கேள்வி.

வாங்குபவன் சம்மதித்தான் என்பது போதாது, அந்தச் சம்மதம் எதைத் தெரிந்து கொண்டு வந்தது என்று பார்க்க வேண்டும் என்கிறது இந்த நெறி. இதுதான் இதன் உயிர்நாடி என்பது என் கருத்து. மதீனாக் கடைத்தெருவில் நாயகம் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் கண்டு, மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டாரே, அதுவும் இதே கேள்விதான். மலைச்சரக்கில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பப்பாளி விதை கலந்த மிளகையும், பச்சைச் சாயம் ஏற்றிய ஏலக்காயையும் பார்க்காதவர் யார்?

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. மரத்திலுள்ள பழம் பக்குவம் தெரியும் முன் அதை விற்பதை நாயகம் தடுத்தார். இறைவன் பழத்தைத் தடுத்து விட்டால் எந்த நியாயத்தில் சகோதரனின் பணத்தை எடுப்பாய் என்பது காரணம். ஆனால் முன்பணம் கொடுத்துப் பின்னால் சரக்குப் பெறும் சலம் என்ற முறையை அனுமதித்தார். அதற்கு அளவும் எடையும் தவணையும் நிச்சயமாகத் தெரிய வேண்டும். பேச்சு முடிந்த இடத்திலேயே பணம் முழுவதும் கொடுத்து விட வேண்டும் என்பது சட்ட அறிஞர் பெரும்பாலோர் முடிவு. ஆக, “இந்தக் கொடியில் காய்க்கப் போகும் மிளகு” என்று பேசுவது தவறு. “மாசி மாதம் இன்ன தரத்தில் நூறு கிலோ” என்று பேசி முழுப்பணத்தையும் வைப்பது சரி. மலையில் நாம் செய்வதோ இரண்டுங்கெட்டான். கொடியைக் காட்டிப் பேசி, பாதிப் பணம் கொடுத்து, விலையை மட்டும் முழுசாகக் கட்டி விடுகிறோம். 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7000 ரூபாய் வரை உச்ச விலை போனது (சராசரி அதைவிடக் குறைவுதான்). முந்தியே பேசி வைத்த சரக்கில் முதலாண்டு யார் அழுதார், அடுத்த ஆண்டு யார் அழுதார் என்று அவரவர் கணக்குப் புத்தகம் சொல்லும்.

எல்லா மதமும் ஒன்றையே சொல்கிறது என்று சங்க மேடையில் பேசி விட்டுப் போவது சுலபம். சொல்லவில்லை. திருடாமை விரதத்தின் குற்றங்களாகக் கள்ள எடையையும் கலப்படத்தையும் திருட்டுப் பொருள் வாங்குவதையும் எங்கள் இரத்தின கரண்டக சிராவகாசாரம் எண்ணுகிறது. இதில் இருவரும் ஒன்று. ஆனால் நியாய வட்டிக்குச் சமணம் தடை போடவில்லை. இஸ்லாம் வட்டியை அடியோடு தடுக்கிறது. உயிர்க்கொலை சேர்ந்த தொழில்களைச் சமண இல்லறத்தான் விலக்க வேண்டும். இறைச்சிக் கடை இஸ்லாத்தில் ஆகுமான தொழில். எறும்புக்குத் தீங்கு வருமா என்று நாங்கள் கணக்குப் பார்த்த அளவுக்கு எதிரே நிற்கும் கடன்காரனுக்கு வரும் தீங்கைப் பார்த்தோமா என்று, இந்நூல்களைப் படித்த பின் கேட்டுக் கொள்ள வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னதற்காக வந்தவாசிப் பக்கத்து உறவினர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

இன்றைய தமிழ் இஸ்லாமியச் சிறுநூல்களிலும் ஒரு குறை சொல்ல வேண்டும். நான் படித்தவற்றில் வங்கி வட்டிக்கும் இன்சூரன்சுக்கும் பக்கம் பக்கமாக இடம், கூலிக்கு ஒரு பத்தி. மூலத்தில் அப்படி இல்லை. வேலையை முழுமையாக வாங்கிக் கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் நானே எதிர்வழக்காடுவேன் என்று இறைவன் கூறும் மூவரில் ஒருவனாக அவனை வைக்கிறது நபிமொழி. 2000-ஆம் ஆண்டை ஒட்டி இந்தப் பீர்மேடு வட்டாரத்தில் தேயிலைத் தோட்டங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. தொழிலாளிகளில் பெரும்பகுதி நம் தமிழர். சம்பளம் பாக்கி, பி.எஃப். பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி. ஒழுகுகிற லயத்தில் இருந்து கொண்டு, கிள்ளிய கொழுந்தைத் தாங்களே விற்று வயிறு கழுவினார்கள். அந்த நபிமொழியில் கூலிக்காரனின் மதம் கேட்கப்படவில்லை. முதலாளிக்கு அந்த வருஷம் நஷ்டமா என்றும் கேட்கப்படவில்லை.