கார்னருக்கு ஓடும் ஃபார்வர்டு

ஆளை விட்டு இடத்தைக் காக்கும் 2-3 ஜோன் என்றாலே நம் ரசிகர்களுக்கு ஓர் இளக்காரம். ஆளுக்கு ஆள் நின்று மறிக்கத் தெம்பில்லாத அணிதான் ஜோனுக்குள் பதுங்கும் என்பார்கள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 1976 முதல் 2023 வரை 47 சீசன்கள் ஒரே கல்லூரிக்கு, அதுவும் தான் படித்து ஆடிய கல்லூரிக்கு, தலைமைப் பயிற்சியாளராக இருந்தவரையும் இப்படித்தான் எடைபோட்டார்கள். நியூயார்க் மாநிலத்தின் நடுவே, குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டும் ஊரை விட்டு நகராத மனிதர், ஜோனையும் விட்டு நகராத பிடிவாதக்காரர் என்று. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இந்த விளையாட்டில் மிக அதிகமாக ஓட வைத்த தடுப்பாட்டம் அவருடையது.

ஜோனைப் பார்க்கும்போது எல்லார் கண்ணும் முன்னால் நிற்கும் இரண்டு கார்டுகள் மேலோ நடுவில் நிற்கும் சென்டர் மேலோதான் போகிறது. கீழ்வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஃபார்வர்டைப் பாருங்கள். பந்து உச்சியிலிருந்து விங்குக்குப் போனதும் அவர் தன் இடத்தை விட்டு மேலே பாய்ந்து ஷாட்டை மறிக்கிறார். கார்டு வந்து இடித்து அவரை விடுவிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். விடுபட்ட கணமே கீழே இறங்கிக் கார்னரை எட்ட வேண்டும். சற்று முன்னதாக இறங்கினால் விங்கில் நிற்பவனுக்கு ஷாட். சற்றுத் தாமதித்தால் கார்னரில் நிற்பவனுக்கு ஷாட். எப்போது இறங்குவது என்று பெஞ்சிலிருந்து யாரும் கத்திச் சொல்ல முடியாது. பந்து வைத்திருப்பவனின் தோளைப் பார்த்து அவரேதான் முடிவெடுக்க வேண்டும். ஒரே தாக்குதலில் இரண்டு மூன்று முறை, ஆட்டம் முழுக்க. இதையா ஓய்வு என்கிறோம்?

2003 தேசிய இறுதிப் போட்டி, நியூ ஆர்லியன்ஸ். 1987-இல் இதே அரங்கில்தான் கடைசி நொடிகளில் விழுந்த ஒரு ஷாட் அந்தப் பயிற்சியாளரின் கோப்பையைப் பறித்தது. இப்போதும் கடைசி நொடிகள். இடது கார்னரில் எதிரணிக்காரர் ஒருவர் தனியாக, சமன் செய்யும் மூன்று புள்ளி ஷாட்டுக்குத் தயாராக நிற்கிறார். உள்ளே நின்ற ஒல்லியான ஃபார்வர்டு எங்கிருந்தோ பறந்து வந்து பந்தைத் தட்டி வெளியே அனுப்பினார். சற்று முன்புதான் இரண்டு ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்டிருந்தார், ஆனாலும் தலை தொங்கவில்லை. அந்தத் தடுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் அவருடைய நீண்ட கையையே பேசுகிறார்கள். கை பிறவியில் வந்தது, சரி. கார்னருக்குப் போகும் ஓட்டம்? அது சீசன் முழுக்கக் காலில் ஏற்றப்பட்டது. எனக்குத் தெரிந்து ஒரு பயிற்சியாளரின் வாழ்நாள் வேலை ஒரே ஆட்டக்காரனின் ஓட்டத்தில் அவ்வளவு முழுமையாகத் தெரிந்த இறுதிப் போட்டி வேறில்லை.

அந்தப் பயிற்சியாளர் தொடக்கத்திலிருந்தே ஜோன் மட்டும் ஆடியவரும் அல்ல. 2009-இல் சீசனுக்கு முந்தைய காட்சிப் போட்டி ஒன்றில் மேன்-டு-மேன் ஆடிப் பார்த்தார். சிறிய கல்லூரி ஒன்றிடம் தோற்றார். அதன்பின் பயிற்சி நேரம் முழுவதையும் ஜோனுக்கே கொடுத்தார். இரண்டையும் அரைகுறையாகக் கற்பதைவிட ஒன்றை ஐந்து பேரின் உடம்பிலும் ஊற வைப்பது என்ற கணக்கு அது. ரீபவுண்டில் ஓட்டை விழும், உண்மைதான். ஆளைப் பிடித்து நிற்காதவர்கள் ஆளை மறித்துப் பந்தெடுப்பது கடினம். ஆனால் மார்ச் மாதத் தேசியத் தொடரில் முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளில் எந்த எதிரணி இந்த ஜோனைப் பழகிக்கொள்ளும்? 2016-இல் பத்தாம் தரவரிசையிலிருந்து கடைசி நான்குக்குப் போனதை அதிர்ஷ்டம் என்றவர்கள், ஜோனை உடைக்க எதிரணிக்குக் கிடைக்கும் நேரம், அதாவது ஷாட் கடிகாரம், 35 நொடியிலிருந்து 30-ஆகக் குறைந்த முதல் சீசன் அது என்பதைக் கவனிக்கவில்லை.

2019-இல் ஆண்கள் ஆட்டத்தின் மூன்று புள்ளிக் கோட்டை 6.75 மீட்டருக்குத் தள்ளினார்கள். ஃபார்வர்டு ஓட வேண்டிய தூரம் கூடியது. அந்தப் பயிற்சியாளருடைய கடைசி ஆண்டுகளின் சோர்வுக்கு வயதைவிட இது பெரிய காரணம் என்பேன். இன்று அந்தக் கல்லூரியே மேன்-டு-மேனுக்குப் போய்விட்டது. ஆண்டுக்கு ஆண்டு ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறும் காலத்தில் ஜோனைக் கற்பிக்க நேரமேது என்கிறார்கள். எதிரணியும் கோடையில் சேர்த்த ஐவர்தானே! ஜோனை எதிர்கொண்டே பழகாத ஐவர். இன்னும் மூன்று சீசன்களுக்குள், நடுத்தரக் கல்லூரி ஒன்று ஆறடி எட்டங்குலத்தில் இரண்டு ஃபார்வர்டுகளைப் பிடித்து, இதே 2-3 ஜோனோடு கடைசி நான்குக்குள் நுழையும். தோற்ற அணிகளுக்கு அன்று ஷாட் விழவில்லை என்று வர்ணனையில் சொல்வார்கள். அந்த இரண்டு ஃபார்வர்டுகளில் ஒருவர், சராசரிப் புள்ளி எட்டைத் தாண்டாதவர், என்பிஏ டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போவார்.