ஜாக் ஓதியாரின் சினிமா: தீபனின் அறைக்கு வராத ஒருவன்

2015 மே மாதம் கான் திரைப்பட விழாவில் 'தீபன்' தங்கப்பனை விருதைப் பெற்றபோது, யாழ்ப்பாணத்தில் எழுந்த பேச்சு முழுவதும் அப்படத்தில் நடித்த அன்ரனிதாசன் யேசுதாசனைப் பற்றியதாகவே இருந்தது. ஷோபாசக்தி என்ற பெயரில் நாம் வாசித்துவரும் எழுத்தாளர் அவர். அல்லைப்பிட்டிக்காரர். நான் இருக்கும் கொழும்புத்துறைக் கரையிலிருந்து பார்த்தால் கடலுக்கு அங்கால் மண்டைதீவு தெரியும். அதற்கும் அப்பால் அல்லைப்பிட்டி. நம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பிறந்த ஒருவர் கான் மேடையில் நின்றார் என்ற பெருமையும், படம் நமக்குச் சார்பானதா எதிரானதா என்ற வாக்குவாதமும் சில மாதங்கள் நீடித்து ஓய்ந்தன. படத்தை நெறியாள்கை செய்தவரைப் பற்றி எவரும் அதிகம் பேசியதாக ஞாபகமில்லை. அவருடைய ஏனைய படங்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் 'தீபன்' எங்கே நிமிர்கிறது, எங்கே சறுக்குகிறது என்பது புரிகிறது.

ஜாக் ஓதியார் என்பது அவர் பெயர். 'ஓதியவர்' என்று நம் காதில் விழக்கூடிய பெயர். ஓதப்பள்ளியில் வளர்ந்தவர்களுக்கு இது ஒரு சிறு வேடிக்கை. 1952இல் பாரிஸில் பிறந்தார். தந்தை மிஷேல் ஓதியார் பிரெஞ்சு வெகுசன சினிமாவின் புகழ்பெற்ற வசனகர்த்தா. மகன் படத்தொகுப்பு வேலையில் தொடங்கி, பிறருக்குத் திரைக்கதை எழுதி, தனது முதற் படத்தை 1994இல்தான் எடுத்தார். அப்போது வயது 42. அதன்பின் 2024 வரையான முப்பது ஆண்டுகளில் மொத்தம் பத்துப் படங்கள். நம்மூரில் கவிதைத் தொகுதி போடுபவர்கள்கூட இதைவிட வேகமாக இயங்குகிறார்கள்.

வசனகர்த்தாவின் பிள்ளை ஏன் வாய் திறக்க இயலாதவர்களையே திரும்பத் திரும்பப் படமாக்கினார் என்பது சிந்திக்கத்தக்கது. 2001இல் வெளிவந்த படத்தில் காது கேளாத ஒரு பெண் பிறர் உதட்டசைவைப் படித்தே உலகத்தை அறிகிறாள். 2005இல் வெளிவந்த படத்தில் அடாவடித் தொழில் செய்யும் ஓர் இளைஞன், பிரெஞ்சு பேசத் தெரியாத ஆசிய ஆசிரியை ஒருத்தியிடம் பியானோ கற்கிறான். இருவருக்கும் பொது மொழி இல்லை. பாடம் மட்டும் நடக்கிறது. ஒர் ஆசிரியனாக நான் பொறாமைப்பட்ட வகுப்பறைக் காட்சிகள் அவை. 1996இல் வந்த இரண்டாவது படத்தின் நாயகனோ பொய்யன். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், நாஜிகளை எதிர்த்துப் போராடியவர்களின் கதைகளை மனப்பாடம் செய்து, தானும் அவர்களில் ஒருவனென நம்பவைத்து உயர்பதவி அடைகிறான். அப்படத்தின் திரைக்கதைக்குக் கானில் விருது கிடைத்தது. போர் முடிந்த மண்ணில் வாழும் நமக்கு இந்தப் பாத்திரம் அந்நியமானதல்ல. பெயர் சொல்லாமல் கடந்து போகிறேன்.

இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து முழுமை பெற்றது 2009இல் வந்த படத்தில்தான். அதன் பிரெஞ்சுத் தலைப்பைத் தமிழில் 'ஒரு தீர்க்கதரிசி' என்று சொல்லலாம். நாம் 'நபி' என்று மொழிபெயர்த்துக் கொள்வோம், முகமும் சுளிப்போம். நானும் சுளித்தேன். சிறைக்கைதி ஒருவனுக்கு இப்படியொரு பட்டமா என்று எழுந்த மனத்தாங்கல் படம் முடிந்த பிறகும் முழுதாக அகலவில்லை. ஆயினும் தலைப்போடு கோபித்துக்கொண்டு இப்படத்தைத் தவறவிடுபவர்கள் பெரியதொரு படைப்பை இழக்கிறார்கள். கானில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரீயும், அடுத்த ஆண்டு பிரான்ஸின் தேசிய விருதான சேசர்கள் ஒன்பதும் இதற்குக் கிடைத்தன.

மாலிக் என்ற பத்தொன்பது வயது அரபு இளைஞன் ஆறு வருடத் தண்டனையோடு சிறைக்குள் வருகிறான். எழுத வாசிக்கத் தெரியாது, வெளியில் யாருமில்லை. சிறையை ஆள்பவர்கள் கோர்சிகத் தீவுக்காரர்கள். முற்றத்தின் ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் முஸ்லிம்கள். இரு பக்கமும் சேராத மாலிக்கைப் பிடித்து, றெயேப் என்ற முஸ்லிம் கைதியைக் கொல், இல்லையேல் உன்னைக் கொல்வோம் என்கிறார்கள். வாய்க்குள் சவர அலகை ஒளித்துக்கொண்டு அவனுடைய அறைக்குப் போகிறான் மாலிக். அந்த றெயேப் இவனை உட்காரவைத்து, இவனுக்கு வாசிக்கத் தெரியாது என்றறிந்து, சிறையில் பள்ளிக்கூடம் உண்டு, படித்துக்கொள், வந்ததைவிடக் கொஞ்சம் அறிவோடு வெளியே போவதுதான் முக்கியம் என்று புத்தி சொல்கிறான். அடுத்த கணம் இவன் அவனைக் கொல்கிறான். அருவருப்பும் நடுக்கமும் நிறைந்த, நீண்ட, அலங்கோலமான கொலை. நம் மசாலாப் படங்களில் நாயகன் கொல்வதுபோல் எதுவும் அங்கில்லை.

கொல்லப்பட்டவன் போகவில்லை என்பதுதான் இப்படத்தின் மேதைமை. இரவுகளில் மாலிக்கின் அறையில் றெயேப் வந்து இருக்கிறான். பழிவாங்கவோ மிரட்டவோ அவன் வரவில்லை. ஒரே அறையில் தங்கும் நண்பன்போலப் பேசுகிறான், படுத்திருக்கிறான். மாலிக் எழுத்துக் கூட்டப் பழகுவது, கோர்சிக மொழியை யாருக்கும் தெரியாமல் காதால் கேட்டே கற்றுக்கொள்வது, இருதரப்புக்கும் நடுவில் நின்று தன் இடத்தைத் தேடிக்கொள்வது எல்லாமே அந்த மய்யித்தின் முன்னிலையில் நடக்கின்றன. 'இக்ரஃ' என்ற முதற் கட்டளையை ஓதி வளர்ந்த ஒரு வாசகனுக்கு, கொல்லப்பட்டவனின் வாயிலிருந்து 'படி' என்ற சொல் வருவது எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. மாலிக் வெற்றி பெறுகிறான். ஆனால் கொன்றவனின் வெற்றியில் கொல்லப்பட்டவனுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார் ஓதியார்.

இந்த நாற்காலியை மனதில் வைத்துக்கொண்டுதான் 'தீபனு'க்கு வருகிறேன்.

கதை நமக்குத் தெரியும். 2009இல் போர் முடிகிற நேரத்தில், சிவதாசன் என்ற புலிப் போராளி தன் தோழர்களின் உடல்களை எரித்துவிட்டுச் சீருடையையும் தீயில் போடுகிறான். முகாமில் தாயில்லாப் பிள்ளையொன்றைத் தேடிப் பிடித்த யாளினி, அந்தப் பிள்ளை இளையாள், இவன் ஆகிய மூவரும் இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டில் பிரான்ஸ் போய்ச் சேருகிறார்கள். சிவதாசன் தீபன் ஆகிறான். பாரிஸ் புறநகர் அடுக்குமாடித் தொகுதியொன்றில் காவலாளி வேலை கிடைக்கிறது. பாரசீகத்திலிருந்து வந்த இரு முஸ்லிம் பயணிகளின் கண்ணால் பிரான்ஸைப் பார்ப்பதாக மொந்தெஸ்கியூ 1721இல் வெளியிட்ட 'பாரசீகக் கடிதங்கள்' நூல் தனக்குத் தூண்டுதலாக இருந்தது என்று ஓதியார் கூறியிருக்கிறார். முற்பாதியில் அது பலித்திருக்கிறது. அகதி விசாரணைக் காட்சியைப் பாருங்கள். பாடமாக்கி வந்த கதையைத் தீபன் ஒப்புவிக்கிறான். மொழிபெயர்ப்பாளர் நம்பவில்லை, தமிழில் அவனோடு வேறொரு பேச்சுப் பேசுகிறார். மேசைக்கு அப்பால் இருக்கும் அதிகாரிக்கு எதுவும் விளங்கவில்லை. தமிழ் தெரியாத நெறியாளர் எடுத்த இந்தக் காட்சி, தமிழ் தெரிந்தவர்கள் எடுத்த அகதிப் படங்கள் பலவற்றைவிட உண்மையானது. இளையாளின் பள்ளிக்கூடக் காட்சிகளும் அப்படியே. பெற்றோருக்கு முன்பே மொழி பிடிபட்ட பிள்ளை, வீட்டின் பெரிய மனுசி ஆகிவிடுகிறது.

அவருடைய காது எட்டாத இடங்களும் உண்டு. ஷோபாசக்தியின் பேச்சில் தீவகத்து மண் இருக்கிறது. யாளினியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து வந்தவர்; நடிப்பில் குறையில்லை, ஆனால் பேச்சில் ஊர் மாறி மாறி வருகிறது. நமக்கு உறுத்தும் அந்த இடத்தைப் பிரெஞ்சுப் பார்வையாளர் ஒருபோதும் அறியப்போவதில்லை.

அந்தத் தொகுதியில் வாழும் பெண்களைப் பார்த்து யாளினி தானும் தலையில் துணி போட்டுக்கொள்கிறாள். ஊரோடு ஒத்துப்போக இந்துப் பெண்ணொருத்தி முக்காடு போடும் இந்தச் சின்னக் காட்சியில் நகைச்சுவையும் பரிவும் இருக்கின்றன. அவள் சமைத்துப் போட்டுப் பராமரிக்கும் முதியவர் ஹபீப். அந்த வீட்டிலிருந்து போதைப்பொருள் வியாபாரத்தை நடத்துபவன் பிராஹிம். அவன் பிரெஞ்சிலும் இவள் தமிழிலுமாக, ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமலே பேசிக்கொள்ளும் காட்சிகள் ஓதியாரின் கைவண்ணத்துக்கு நல்ல உதாரணம். ஆனால் பிற்பாதியில் இதே தொகுதி வெறும் துப்பாக்கிச் சூட்டுக் களமாகிறது. ஹபீப், பிராஹிம் போன்ற பெயர்களோடு வாழும் மனிதர்களின் குடியிருப்பு, தமிழ்ப் போராளி வெட்டுக்கத்தியோடு புகைக்குள் ஏறிப்போய்ச் சுத்திகரிக்க வேண்டிய இடமாகிவிடுகிறது. புறநகரை இவ்வாறு யுத்த பூமியாகக் காட்டியதைப் பிரான்ஸிலேயே சிலர் கண்டித்தார்கள். 2015 ஜனவரியிலும் நவம்பரிலும் பாரிஸில் நடந்த தாக்குதல்களுக்கு நடுவே வெளிவந்த படம் இது என்பதையும் மறக்கக்கூடாது.

எனக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. தீபனின் கனவில் யானை வருகிறது; இறந்துபோன தன் குடும்பத்தின் துயரம் அவனிடம் இருக்கிறது; பழைய தளபதி வந்து ஆயுதம் வாங்கக் காசு சேர்க்கச் சொல்லி அடிக்கிறார். எல்லாம் அவன் இழந்தவை, அவனுக்கு நேர்ந்தவை. அவன் கையால் நேர்ந்தவை எங்கே? அவன் போராளி. யாரையாவது கொன்றிருப்பான், துரத்தியிருப்பான், காட்டிக் கொடுத்திருப்பான். அவர்களில் ஒருவர்கூட அந்த அடுக்குமாடி அறைக்குள் வந்து உட்காரவில்லை. மாலிக்குக்கு ஒரு றெயேப் இருந்தான். தீபனுக்கு இல்லை.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணச் சோனகத்தெருவில் அதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரம். அந்தச் சனத்துக்குள் உம்மாவின் கையைப் பிடித்தபடி நடந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். அதனால் எல்லாப் படத்திலும் நமது வெளியேற்றம் வரவேண்டும் என்று அடம்பிடிப்பதாக யாரும் நினைக்கவேண்டாம். பிரெஞ்சுக்காரர் ஒருவர் எடுத்த குடிபெயர்வுக் கதையில் சோனகத்தெருவைத் தேடுவது அறிவீனம். றெயேப் முஸ்லிமாக இருக்கவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. தெற்கின் கிராமத்தவன் ஒருவனாகவோ மாற்று இயக்கப் பையனாகவோ இருந்திருக்கலாம். தான் கண்டுபிடித்த மிகச்சிறந்த உபாயத்தை, அது மிகவும் தேவைப்பட்ட படத்தில் ஓதியார் ஏன் கைவிட்டார் என்பதே என் கேள்வி.

விந்தை என்னவென்றால், அந்த றெயேப்பை அறிந்தவர் படப்பிடிப்புத் தளத்திலேயே இருந்தார். சிறுவயதில் இயக்கத்தில் சேர்ந்து, 1986இல் விலகி, 1993இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்த ஷோபாசக்தியின் எழுத்தில் கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். 'கொரில்லா', 'ம்' ஆகிய நாவல்களை வாசித்தவர்களுக்கு இது தெரியும். படத்தின் பாதி தன் கதைதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஓதியார் அவரது முகத்தையும் உடலையும் பேச்சையும் எடுத்துக்கொண்டார். அந்த முகம் தரும் கனத்தில்தான் படம் நிற்கிறது. அவருடைய புத்தகங்கள் மட்டும் திரைக்கதைக்குள் போய்ச் சேரவில்லை.

2024இல் வந்த 'எமிலியா பெரெஸ்' இந்தச் சந்தேகத்தை எனக்கு உறுதியாக்கியது. மெக்சிக்கோவின் போதைக் கும்பல் தலைவன் ஒருவன் பெண்ணாக மாறிப் புதுப்பெயரோடு வாழ்கிறாள். பின்னர் காணாமலாக்கப்பட்டோரைத் தேடித்தரும் அமைப்பொன்றை நடத்துகிறாள். பாட்டும் ஆட்டமுமாக, பெரும்பகுதி பாரிஸ் அருகே ஸ்டூடியோவில் எடுத்த படம். கானில் நடுவர் பரிசும், பின்னர் இரண்டு ஒஸ்கார் விருதுகளும் பெற்றது. மெக்சிக்கோவில் கடும் கோபத்தையும் பெற்றது. காணாமலாக்கியவர் பெயரை மாற்றிக்கொண்டு தேடித்தருபவராக வந்து நின்றால், படத்தோடு தெருவில் நிற்கும் தாய்மார் அவருக்குப் பின்பாட்டுப் பாடவேண்டுமா? வடக்கிலும் கிழக்கிலும் அந்தத் தாய்மாரைப் பார்த்துக்கொண்டு வாழ்பவர்களுக்கு இப்படம் தொண்டையில் இறங்காது.

இவ்வளவு சொன்ன பிறகும், எங்கள் ஆசிரியர்களுக்கு ஒரு படத்தைப் போட்டுக்காட்டச் சொன்னால் 2009ஆம் ஆண்டுப் படத்தைத்தான் எடுத்துப்போவேன். அதன் முடிவில் மாலிக் சிறை வாசலைத் தாண்டி, இறந்த நண்பனின் மனைவியோடும் குழந்தையோடும் நடந்து போகிறான். சற்றுப் பின்னால் அவனுடைய ஆட்களின் வாகனங்கள் மெதுவாக ஊர்ந்து வருகின்றன. 'தீபனி'லும் முடிவில் ஒரு குடும்பம் இருக்கிறது. இங்கிலாந்து, வெயில், கைக்குழந்தை, தீபனின் தலையைத் தடவும் ஒரு கை. அந்தக் காட்சியை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவர்களுக்குப் பின்னால் எவரும் வரவில்லை.