அடுத்தவர் வாய்க்கு ஒரு ரெகுலேட்டர்

டைவிங் பழகிய காலத்தில் ஆக்டோபஸை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. விலாப்பக்கம் மஞ்சள் ஹோஸில் தொங்கும் உபரி ரெகுலேட்டர், அவ்வளவுதான். புதுச்சேரிக் கடலில் ஒருநாள், 18 மீட்டர் ஆழத்தில், பயிற்சிக்காகக் கூட வந்தவரின் ஆக்டோவை வாங்கிக் கடித்தேன். காற்றுக்கு முன்னால் மணல் வந்தது. வாடகைச் சாமான், எத்தனை நாள் கடல்தரையில் இழுபட்டதோ. பர்ஜ் பட்டனை அழுத்தி, துப்பி, பிறகுதான் மூச்சு. நிஜமாகவே காற்று தீர்ந்தவனாக இருந்தால் அந்தப் பொறுமை இருந்திருக்குமா?

சொந்தமாக ஒன்று வாங்க முடிவுசெய்து, மூன்று வகைகளை இரவல் வாங்கி முங்கிப் பார்த்தேன்.

முதலாவது ஸ்கூபாபுரோ ஆர்195 போன்ற பழைய பாணி. உள்ளே ஒரு நெம்புகோல், ஒரு ஸ்பிரிங், காற்றோட்டத்தின் திசையிலேயே திறக்கும் வால்வு. சிலிண்டரின் 200 பார் அழுத்தத்தை, அதன் வாயில் மாட்டிய ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9, 10 பார் மட்டும் அதிகமாக இருக்கும்படி குறைத்து அனுப்புகிறது. அங்கே வால்வை அடைக்கும் சீட் தேய்ந்து அழுத்தம் ஏறினால் இந்த வால்வு தானாகத் திறந்துகொண்டு சீறும். காற்று வீணாகும், ஆனால் ஹோஸ் வெடிக்காது, மூச்சும் அடைபடாது. குறை ஒன்று: பதற்றத்தில் தலைகீழாக வாயில் திணித்தால் வெளியேற்று வால்வு மேலே போய்விடும், மூச்சோடு உப்புத்தண்ணீரும் வரும்.

பொசைடன் ஜெட்ஸ்ட்ரீமில் அந்தத் தொல்லை இல்லை. மூச்சு பக்கவாட்டில் வெளியேறுவதால் எப்படிக் கடித்தாலும் ஒன்றுதான். இழுப்பதும் வெண்ணெய் மாதிரி. ஆனால் உள்ளே சர்வோ வால்வு. தெரிந்த கை மட்டுமே பிரிக்கலாம். சர்வீஸுக்கு ஊர்விட்டு ஊர் பார்சல் அனுப்பிக் காத்திருக்கும் நம்மவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

மூன்றாவது ஏர்2. மிதப்பைச் சரிசெய்யும் பிசிடி ஜாக்கெட்டின் இன்ஃப்ளேட்டரிலேயே ரெகுலேட்டரையும் சேர்த்துவிட்டார்கள். ஒரு ஹோஸ் மிச்சம். ஆபத்தில் நம் வாயிலிருப்பதை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு நாம் இதற்கு மாற வேண்டும். மேலேறும்போது மூச்சு விடுவதும் ஜாக்கெட் காற்றைத் திறந்துவிடுவதும் ஒரே கருவியில். எனக்குக் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. பழகியவர்கள் சத்தியம் செய்கிறார்கள். நான் பழகவில்லை.

ஏன் இவ்வளவு யோசனை? ஒரு கணக்கு. பதறிய ஒருவருக்கு மேற்பரப்பில் நிமிடத்துக்கு 30 லிட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு, இருவருக்குமாக 168 லிட்டர். 11 லிட்டர் சிலிண்டரில் 70 பார் மிச்சமென்றால் 770 லிட்டர், அங்கேயே நின்றால் ஐந்து நிமிடம்கூட வராது. ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து இருவரும் இழுப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஐரோப்பியத் தரமான இஎன் 250இன் முத்திரையில் ‘ஏ’ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருவர் பயன்பாட்டுக்கும் சோதித்த கருவி என்று பொருள்.

வாங்கும்முன் ஒரு வாளித் தண்ணீர் போதும். சிலிண்டரைத் திறந்து, மவுத்பீஸ் மேலே, பர்ஜ் பட்டன் கீழே இருக்கும்படி மெல்ல அமிழ்த்துங்கள். சீறத் தொடங்கும் கணத்தில் பட்டனுக்கு உள்ளிருக்கும் டயஃப்ரம் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறதோ, அதுதான் முதல் இழுப்புக்கு வேண்டிய பலம். வாயில் வைப்பதைவிட ஆக்டோ இழுக்கக் கொஞ்சம் கனமாக இருப்பது சரி. இல்லாவிட்டால் நீரோட்டம் பட்டாலே சீறும். மூன்று, நான்கு சென்டிமீட்டர் எனக்குச் சம்மதம். அதற்குமேல் போனால் சோம்பேறி மெக்கானிக்.

கடைசியில் பழைய பாணியையே வாங்கினேன். மிச்சமான பணத்தில் ஒரு மீட்டர் மஞ்சள் ஹோஸும், நெஞ்சுப் பக்கம் மாட்ட ஒரு ரப்பர் வளையமும். தலைகீழ்ப் பிரச்சினைக்கும் அதுவே பாதி மருந்து: எடுப்பவர் கைக்கு நேராக வரும்படி மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் முதல் ஐந்து மீட்டர் ஆக்டோவிலேயே மூச்சு விடுகிறேன், மணல் இருந்தால் என் பல்லில் படட்டும் என்று.