‘வைரஸ் மாறிவிட்டது’ என்றால் போதுமா?

மாட்டுக்கு நோய் பரவும்போதெல்லாம் நம் செய்திகளில் ஒரு விளக்கம் தவறாமல் வருகிறது: வைரஸ் உருமாறிவிட்டது, அதனால் தடுப்பூசி பலிக்கவில்லை. முகாம் அறிவிப்புகளோ ஊசி போட்டால் கவலை இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலோ, கீழே சின்னசேலத்திலோ இரண்டு மாடு வைத்திருப்பவர் இவ்விரண்டையும் படித்தால் என்ன முடிவுக்கு வருவார்? ஊசியே வீண் என்றுதான் நினைப்பார். ஆகவே இந்த விளக்கத்தைச் சற்றுச் சோதித்துப் பார்ப்போம்.

முதல் குறை, எல்லா வைரஸையும் ஒன்றாகக் கருதுவது. கோமாரி எனப்படும் கால் வாய்க் காணை நோயின் வைரஸில் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. வடிவில் உள்ளது, ஏறத்தாழ 8,400 எழுத்துகள். படியெடுக்கும்போது நேரும் பிழையைத் திருத்த அதற்கு வழியில்லை. எனவே விரைவில் மாறுகிறது. தோல் கழலை நோயின் வைரஸோ டி.என்.ஏ. வகை, ஏறத்தாழ 1,50,000 எழுத்துகள், மாற்றம் மெதுவாகவே நேர்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லால் விளக்கம் கூறுவது பொருந்தாது.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. மரபு வேறுபாடு இருந்தாலே தடுப்பூசி தோற்கும் என்பது சரியன்று. வெக்கை நோய் வைரஸில் மூன்று மரபுக் கிளைகள் இருந்தன. ஆனாலும் ஒரே தடுப்பூசி மூன்றையும் தடுத்தது. 2011இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்தது. கோமாரியில் நிலைமை வேறு. அதில் ஏழு வகைகள் உண்டு. ஒரு வகைக்கான எதிர்ப்பாற்றல் மற்றொன்றைத் தடுக்காது. இந்தியாவில் இப்போது காணப்படுபவை ஓ, ஏ, ஆசியா-1 ஆகிய மூன்று. அதனால்தான் நமது ஊசி மருந்திலும் மூன்றும் சேர்ந்துள்ளன.

அதில் ஓ வகைக்குப் பயன்படும் வைரஸ் 1975இல் எடுக்கப்பட்டது. ‘இத்தனை பழையதா!’ என்று வாசகர் திகைக்கலாம். ஆனால் வயதை வைத்து மட்டும் தீர்ப்புக் கூற முடியாது. ஊர்களில் கிடைக்கும் புதிய வைரஸை இதனால் உண்டாகும் எதிர்ப்பாற்றல் அடக்குகிறதா என்று ஆய்வகத்தில் பொருத்தம் பார்க்கிறார்கள். அந்தச் சோதனைதான் விடை சொல்ல வேண்டும்.

தோல் கழலை நோய் இந்தியாவில் முதலில் 2019இல் ஒடிசாவில் கண்டறியப்பட்டது. 2022 பரவலில் எடுத்த மாதிரிகளைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் ஆராய்ந்தபோது இரு வேறு கிளைகள் தெரிந்தன: ஒன்று 2019இல் கண்டதை ஒத்தது, மற்றது 2015இல் ரஷ்யாவில் கண்டதை ஒத்தது. ஒரே நோய், ஒரே பரவல், இரு கிளைகள். இதைக் கண்டது ஊகத்தால் அன்று, மாதிரிகளால்.

ஊசி போட்ட மாட்டுக்கும் கோமாரி வந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே மலை ஏறியதா? முந்தைய ஊசி போட்டு ஆறு மாதம் கடந்ததா? நான்கு மாதம் நிறைந்த கன்றுகளுக்கும் போடப்பட்டதா? ஊரில் எத்தனை மாடுகள் விடுபட்டன? இவற்றுக்கெல்லாம் சரியான விடை கிடைத்த பிறகும் நோய் வந்தால்தான் வைரஸின் மேல் ஐயம் கொள்வது முறை. அப்போதும் நாக்குக் கொப்புளத்தின் தோலை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பாமல் எதையும் உறுதி செய்ய முடியாது.

சாலையோர ஊரிலிருந்து மாதிரி எளிதில் போய்ச் சேரும். மலையூரிலிருந்து சேர்வது கடினம். மாதிரி வராத ஊரின் வைரஸ் எந்தக் கணக்கிலும் சேராது. ‘உருமாறியது’ என்று எழுதுவோர் ஆய்வக முடிவு எங்கே என்று முதலில் கேட்கட்டும். அறிவிப்பு எழுதுவோர் அடுத்த ஊசி எந்த மாதம் என்பதையும், நோய் கண்டால் யாரிடம் சொல்வது என்பதையும் இரண்டு வரி சேர்க்கட்டும். மாடு வளர்ப்பவருக்கு வேண்டியது அவ்விரண்டு வரிகளே.