எருமை மீட்ட நடுகல்லும் வந்தவாசிச் சிவப்புச் சட்டையும்

ஆரணியில் 1751, வந்தவாசியில் 1760, செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் 1767, மறுபடி ஆரணியில் 1782. ஆர்க்காட்டுச் சீமை யார் கைக்குப் போவது என்ற வழக்கின் கணிசமான பகுதி இன்றைய திருவண்ணாமலை மாவட்ட எல்லைக்குள்ளேயே துப்பாக்கியால் வாதிடப்பட்டிருக்கிறது. திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் குடியிருக்கும் ஒருவர் காலையில் கிளம்பினால் இந்தக் களங்கள் அத்தனையையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். ஆனால் அதே ஆள் சிற்றுருவப் போர் விளையாட்டில் ஆசை வைத்து முதல் படை வாங்க உட்கார்ந்தால், மேசைக்கு வருவது பெரும்பாலும் ரோமானியப் படையோ நெப்போலியனின் காவற்படையோதான். கடையில் கிடைப்பது அது, விதிப்புத்தகத்தின் அட்டையில் இருப்பதும் அது. இங்கே எடைபோட வேண்டியது இந்த விளையாட்டை அல்ல, அதில் நுழைகிறவருக்குச் சொல்லித்தரப்படும் வழக்கத்தை. முதலில் ஒரு படைப்பட்டியலைத் தேர்ந்தெடு, புள்ளிக் கணக்கை நிரப்பு, வாங்கு, வண்ணம் தீட்டு, பிறகு எதிரியைத் தேடு என்பதே அந்த வழக்கம்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. விரலளவு வீரர்களை மேசையில் அணிவகுத்து, அளவுநாடாவால் நகர்வை அளந்து, பகடை உருட்டிச் சேதத்தைத் தீர்மானிப்பது. பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸும் அவர் மகனும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ராணுவப் பயிற்சிக் கருவியாக்கினார்கள். வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எச்.ஜி. வெல்ஸ். 1913இல் வந்த அவருடைய ‘லிட்டில் வார்ஸ்’ புத்தகத்தில் ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் ஈயச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்துவதுதான் ஆட்டம். அடுத்த வருடமே நிஜப் பீரங்கிகள் முழங்க ஆரம்பித்தன என்பது வேறு கதை.

பட்டியல் வழக்கத்துக்கு ஒரு பெரிய நியாயம் உண்டு. அது வேலைக்கு எல்லை கட்டுகிறது. 1990இல் ஃபில் பார்க்கரும் கூட்டாளிகளும் வெளியிட்ட டி.பி.ஏ. விதிகளில் எந்தப் படைக்கும் 12 பிரிவுகள்தான். 15 மில்லிமீட்டர் உருவம் என்றால் இரண்டடிச் சதுரப் பலகை போதும், ஆட்டமும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வாடகை வீட்டில் சாப்பாட்டு மேசையை ஒதுக்கி விளையாடுகிறவருக்கு இந்த அடக்கம் பெரிய வசதி. எத்தனை வாங்க வேண்டும் என்று தெரிந்த பின்தான் பலருக்கு வாங்கவே துணிவு வருகிறது. ‘பெரிய படையாகக் கட்டுவோம்’ என்று அளவில்லாமல் இறங்கியவர்களின் அலமாரியில் தீட்டாத உருவங்கள் பெட்டி பெட்டியாகக் கிடப்பதை இந்தப் பொழுதுபோக்கில் புழங்கும் எவரும் பார்த்திருப்பார்.

இரண்டாவது நன்மை தூரிகையில் இருக்கிறது. ஒரு சட்டைக்கு நிறம் பூச வேண்டுமானால் அந்தச் சட்டையைப் பற்றித் தெரிந்தாக வேண்டும். வந்தவாசிப் போரை எடுத்துக்கொள்வோம். 1760 ஜனவரி 22. ஒருபக்கம் ஆங்கிலேயத் தரப்பின் அயர் கூட், மறுபக்கம் பிரெஞ்சுத் தளபதி லாலி. ஆங்கிலேயருக்குச் சிவப்பு, பிரெஞ்சுக்காரருக்கு வெள்ளை என்று எண்ணிச் சிவப்பு டப்பாவையும் வெள்ளை டப்பாவையும் திறந்தால், லாலியின் சொந்த ரெஜிமென்ட் வந்து குறுக்கே நிற்கும். அது பிரெஞ்சு மன்னருக்கு ஊழியம் செய்த ஐரிஷ் படை, அவர்களுடையதும் சிவப்புச் சட்டைதான். ஏன் சிவப்பு என்று கேட்கப் போனால், ஆங்கில ஆட்சியோடு ஒத்துப்போகாமல் நாடு விட்டு வந்த அயர்லாந்துக்காரர்கள், அவர்கள் வழிவந்த லாலி, தோற்றபின் பாரிஸில் அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை என்று பாடப்புத்தகம் சொல்லாத ஒரு கிளைக்கதை விரியும். 1/72 அளவில் ஆள் உயரம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர், சட்டையின் கைமடிப்பு ஓர் அரிசியின் பாதிகூட இருக்காது. அந்த மடிப்புக்கு என்ன நிறம் என்று ஒரு மாலை முழுக்கத் தேடுகிறவர், தேர்வுக்குப் படித்தவரைவிட அந்தப் போரை நன்றாக அறிந்துகொள்கிறார். பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாத அறிவு இது.

இனி குறைகள். பட்டியல்கள் எழுதப்பட்டது இங்கிலாந்தில், அதுவும் அங்கே கிடைத்த நூல்களை வைத்து. அதனால் ரோமாபுரிக்கு நூற்றாண்டுக்கு நூற்றாண்டு தனிப் பட்டியல் உண்டு. தமிழர்களுக்கு? சிங்களப் படையோடு சேர்த்து ஒரே தலைப்பு. சங்க காலக் குறுநில மன்னனும், பல்லவனும், கடல் கடந்து போன இராசேந்திரனும் அதே யானை, அதே வில்லாளர், அதே வாளோடு நிற்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒரு நாட்டின் போர்முறை மாறவே இல்லை என்று சொல்வதற்குச் சமம் இது. எழுதியவர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அவர்களுக்குக் கல்வெட்டுத் தொகுதிகள் எட்டவில்லை. ஆனால் ‘சோழர் படை’ என்று ஆசையோடு வாங்குகிறவருக்கு, தான் கட்டுவது சோழர் படை அல்ல, ‘யானையுள்ள தெற்கத்திப் படை’ என்பது தெரிந்திருக்க வேண்டும். முதல் படைக்கு யானை நல்ல தேர்வும் அல்ல. பார்வைக்குக் கம்பீரம், மேசையிலோ புதியவரின் கையில் தன் வரிசையையே மிதித்துவிடும்.

இன்னும் ஆழமான குறை, சமப்புள்ளி. இரு தரப்புக்கும் ஒரே மொத்தம் என்பது சதுரங்கத்துக்குப் பொருந்தும். 1767இல் நம்மூர்ப் பக்கம் நடந்ததற்குப் பொருந்துமா? செப்டம்பர் 3 அன்று செங்கம் கணவாயருகே ஆங்கிலேயக் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையை மைசூரின் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து தாக்கினார்கள். எண்ணிக்கையில் அவர்கள் பல மடங்கு, அதிலும் குதிரைப்படை மிகப் பெரிது. ஸ்மித்திடம் சொல்லிக்கொள்ளும்படி குதிரையே இல்லை. களம் ஸ்மித்துக்குக் கிடைத்தது. ஆனால் தங்கி நிற்க அரிசி இல்லாமல் அந்தப் படை திருவண்ணாமலையை நோக்கி நடையைக் கட்ட வேண்டியிருந்தது. வென்றவன் பசியோடு ஓட, தோற்றவனின் குதிரைகள் பின்னாலேயே வந்து சாமான் வண்டிகளைக் கொள்ளையடித்தன. அந்த மாதக் கடைசியில் திருவண்ணாமலை அருகே நடந்த சண்டையும் அப்படித்தான். சதுப்பைச் சுற்றிக்கொண்டு ஸ்மித் நகர, ஓடப் பார்க்கிறார் என்று நினைத்த கூட்டுப்படை மறிக்க வந்தது, ஒரு குன்றை யார் முதலில் பிடிப்பது என்பதே முடிவைத் தீர்த்தது.

இந்தப் போரில் வெற்றி தோல்வியை எழுதியவை அரிசி, சதுப்பு, குதிரை இல்லாமை, ஒரு தவறான ஊகம். படைப்பட்டியலில் இவற்றுக்கு வரி கிடையாது. ஹைதரை 500 புள்ளிக்கும் ஸ்மித்தை 500 புள்ளிக்கும் வெட்டிச் சுருக்கினால் கிடைப்பது நல்ல ஆட்டமாக இருக்கலாம், திருவண்ணாமலைப் போராக இருக்காது. இந்த வழக்கில் வளர்ந்த விளையாட்டுக்காரருக்குச் சமமில்லாத போர் என்றாலே ஏதோ அநியாயம் போலத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. வரலாற்றில் சமமான போர்தான் அபூர்வம்.

சிப்பாய்களின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை. வந்தவாசியில் சுட்டுக்கொண்டு மோதியது பெரும்பாலும் இருபுறத்து ஐரோப்பியர். பிரெஞ்சுத் தரப்புச் சிப்பாய்கள் முன்னேறத் தயங்கினார்கள், லாலியின் பக்கம் இருந்த மராத்தியக் குதிரைப்படை சண்டைக்குள் வரவே இல்லை. இதை வைத்து விதிகளில் இந்தியப் பிரிவுகளுக்கு எப்போதும் கீழ்த்தரம் கொடுப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. அதே வகைச் சிப்பாய்கள் 1767இல் ஸ்மித்தின் படையில் பெரும்பான்மை, அந்தக் குன்றேறியதும் அவர்கள். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை அழித்தது மைசூர்ப் படை. ராக்கெட்டுகளும் வெடித்துச் சிதறிய வெடிமருந்து வண்டிகளும் அந்த நாளின் பெரிய நினைவு. தரம் என்பது ஓர் இனத்தின் குணமல்ல. சம்பளம், பயிற்சி, தளபதி, அன்றைய சோறு ஆகியவற்றின் விளைவு. பட்டியல் அதை நிரந்தர எண்ணாக்கி அச்சடித்துவிடுகிறது.

செலவுக் கணக்கையும் தள்ளிவிட முடியாது. வந்தவாசியில் அயர் கூட்டின் ஐரோப்பியர் மட்டும் ஏறக்குறைய 2,000 பேர். 33 பேருக்கு ஓர் உருவம் என்று வைத்தால் 60 உருவங்கள், எதிர்ப்பக்கம் அதற்கும் சற்று மேல். உருவத்துக்கு 2 மணி நேரம் என்றால் இரு தரப்பையும் தீட்ட 240 மணி நேரத்தைத் தாண்டும். சிப்பாய்கள், குதிரைகள், பீரங்கிகள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. இரு தரப்பும் ஏன் என்று கேட்கலாம். லண்டனில் ஒரு தரப்பைக் கட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போனால் எதிரி காத்திருப்பார். வேங்கிக்காலில் எதிரியையும் நாமேதான் செய்ய வேண்டும், அதற்கு ஆடவரும் நண்பரையும் நாமேதான் பழக்க வேண்டும். 28 மில்லிமீட்டர் உலோக உருவங்களுக்கு வெளிநாட்டு அஞ்சல் கட்டணமும் சுங்கமும் வேறு. மேலைநாட்டு அறிவுரையை அப்படியே இங்கே பின்பற்றினால் முதல் படையே கடைசிப் படையாகிவிடும்.

ஆகவே என் தீர்ப்பு இது: முதல் படையைப் பட்டியலில் தேடக் கூடாது. ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேரை மட்டும் செய்ய வேண்டும். இந்த மாவட்டத்துக்காரருக்கு அந்த நிகழ்ச்சி வந்தவாசியைவிட ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு பழையது, செங்கம் வட்டாரத்தின் நடுகற்களில் செதுக்கியே இருக்கிறது.

தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்று ஒரு தொகுதி வெளியிட்டது. பல்லவர் கால வட்டெழுத்துக் கற்கள் பல அதில் உண்டு. பெரும்பாலும் தொறு, அதாவது கால்நடை மந்தை, கவர்ந்தபோதோ மீட்டபோதோ பட்டவர்களின் கற்கள். ஒரு கையில் வில், மறு கையில் வாள், முடிந்த கொண்டை, அரையில் கச்சை. எடுத்தனூர்க் கல் இவற்றில் தனிச்சிறப்பு. மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காக்கும்போது பட்ட கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்தது. அவனுக்குப் பின்னால் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்து சொல்கிறது. ஆளுக்கும் பெயர், நாய்க்கும் பெயர், கடிபட்டவர்களின் எண்ணிக்கையும் உண்டு. நெப்போலியன் காலத்துச் சிற்றூர்க் கைகலப்பு ஒன்றுக்கு இத்தனை விவரம் கிடைத்தால் ஐரோப்பிய விளையாட்டுக்காரர் தனிப் புத்தகமே போட்டிருப்பார்.

இதை மேசையில் வைக்க என்ன வேண்டும்? கவர்கிறவர் பத்துப் பேர், மீட்கிறவர் எட்டுப் பேர், எருமை ஆறேழு, ஒரு நாய். ஹேட் நிறுவனத்தின் பண்டைய இந்தியக் காலாட்படை 1/72 பிளாஸ்டிக்கில் வந்திருக்கிறது. அலெக்சாந்தரின் காலத்துக்குச் செய்தது, ஆனால் மெல்லிய பிளாஸ்டிக் என்பதால் பிளேடால் தலைப்பாகையைச் சீவிக் கொண்டையாக்கலாம், வில்லைக் கல்லில் பார்த்த அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். எருமைக்கு ரயில் மாதிரிகளோடு விற்கும் 1/87 மாடுகள் போதும். சற்றுச் சிறியவைதான், சீமை மாட்டு உடம்பு நம் பக்கத்து உருவத்துக்கு இறங்க அந்தச் சிறுமை உதவுகிறது. அடித்தளத்துக்கு ஹார்டுவேர் கடை வாஷர், அதன்மேல் ஃபெவிகால் தடவிச் சலித்த ஏரி மண். மெல்லிய பிளாஸ்டிக்கில் பெயிண்ட் உரிந்துவரும் என்பதால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் பிரைமர் அடித்த பிறகே தூரிகையைத் தொட வேண்டும். சித்திரை வெயிலில் அக்ரிலிக் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும், காலை எட்டு மணிக்குள் வேலையை முடிப்பது நல்லது. கைமடிப்பு நிறச் சிக்கல் இதில் இல்லை. தோல், கச்சை, கொண்டை, இரும்பு என்று நாலு நிறத்தில் படை முடிந்துவிடும்.

விதியும் எளிது. எருமை தானாக நகராது, பக்கத்தில் ஆள் இருந்தால்தான் நகரும், இருவர் ஓட்டினால் வேகம். மேசை விளிம்பைத் தாண்டிய எருமையே வெற்றிக் கணக்கு. இங்கே சமப்புள்ளி தேவைப்படவில்லை. மீட்க வருகிறவர் குறைவாக இருந்தாலும், கவர்ந்தவனின் கை எருமையில் கட்டுண்டு கிடப்பதால் ஆட்டம் சமன் ஆகிவிடுகிறது.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. கல் சொல்வது பட்டவனின் பக்கம் மட்டுமே. மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை எருமை போனது என்று அது சொல்லாது, நான் மேலே போட்ட பத்தும் எட்டும் ஊகம்தான். கச்சையின் நிறம் கல்லில் இல்லை. வந்தவாசிப் படைக்கு ஆவணம் இருக்கும் இடத்தில் இங்கே கற்பனை நிரப்ப வேண்டியிருக்கிறது. அணி அணியாகச் சிவப்புச் சட்டை நிற்கும் கம்பீரமும் இதில் வராது. அதற்காகவே இந்தப் பொழுதுபோக்குக்கு வந்தவருக்கு ஒரு நாயும் ஆறு எருமையும் ஏமாற்றமாக இருக்கும். அவரிடம் வந்தவாசியைத் தவிர் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் மொத்தப் போரையும் தலையில் சுமக்காமல், அதில் ஒரு நொடியை எடுத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுத் தரப்பின் லொரேன் ரெஜிமென்ட் பத்திபத்தியாகத் திரண்டு அயர் கூட்டின் ரெஜிமென்ட்டை நோக்கி ஓடிவந்த கட்டம் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு திரள், பக்கத்துக்கு இருபது இருபத்தைந்து உருவம். நெருங்க விட்டுச் சுடுவதா, முன்பே சுட்டுவிடுவதா என்ற ஒரே முடிவில் ஆட்டம் நிற்கும். லாலியின் சிவப்புச் சட்டைக்காரர்களை அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம்.